எருக்குழிக்கு வந்த ஒறம்பறை

வா கண்ணு, வா. மார்கழி மாசத்து ஞாயித்துக்கெழமை, பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே கோயமுத்தூர்ல இருந்து என்ற பேரன் காரை எடுத்துக்கிட்டு வர்றான்னா, ஒண்ணு பொண்டாட்டி கூடச் சண்டை, இல்லாட்டி பேங்க்குல கடன். ரெண்டும் இல்லீங்க அப்பச்சி, மண்ணு விசயமா வந்தேங்கறே. இந்த 82 வருசத்துல மண்ணு விசயமா என்னைத் தேடி வந்தவிய நெம்பக் கம்மி. மொதல்ல வந்தது என்ற தம்பி, கெழக்கால தோட்டத்துல பங்கு கேட்டு. பயப்படாம உக்காரு. உனக்குப் பங்கு கெடையாது, ரோசனைதான். அதுக்கு ஸ்டாம்பு பேப்பர் தேவையில்லை.

சரி, சொல்லு. வீடு கட்டுனது போக ஒன்றரை சென்ட் எடம் மிச்சம். பனி முடிஞ்சு வெயில் ஏறையில அதுல கத்திரி, தக்காளி, வெண்டை வெச்சு, வைகாசில பறிச்சுக் கொழம்பு வெக்கோணும். அதுக்கு எத்தனை மூட்டை மண்ணு வாங்கட்டும்ங்கறே. மூட்டை! பொன்னி அரிசி வெலைக்கு மண்ணை மூட்டை கட்டி விக்கறாங்களாம், அதை இவன் கார் டிக்கியில போட்டுக் கொண்டு வந்து மண்ணு மேலயே கொட்டுவானாம். கெணத்து மேட்டுல உக்காந்துக்கிட்டு பாட்டல் தண்ணி வாங்கிக் குடிக்கற ஒருத்தன் நம்ம வம்சத்துல ஏற்கெனவே இருக்கறான். உன்ற மாமன்தான், வேற ஆரு. இப்பத் தொணைக்கு ஆள் சேந்தாச்சு.

அந்தப் போனைக் காட்டு. ஆரு இவரு? செவசெவன்னு இருக்கறாரு, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்சு, வாயைத் தொறந்தாப் பொகை வருது. சீமைக்காரரா? என்ன சொல்றாரு? குளிர் எறங்கறதுக்கு முன்னாடியே மண்ணைப் பெரிய பெரிய கட்டியாப் பொரட்டிப் போட்டுரோணும், கட்டிக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு உப்பி அதைத் தவிடாக்கிரும், மேலாகச் சுண்ணாம்பைத் தூவி உட்டா வசந்தத்துல நட்டுக்கலாம். அவரு சொல்றதுல ஒரு குத்தமும் இல்லை கண்ணு, அவரூருக்கு. நீ சரவணம்பட்டியில மண்ணைப் பொரட்டிப் போட்டுட்டு உறைபனிக்குக் காத்துக்கிட்டு இருந்தீனா, உன்ற பேரன் வந்து பாக்கறப்பவும் கட்டி கட்டியாவேதான் கெடக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்றதெல்லாம் சொலவடை. அதை நம்பி மம்மட்டியை வீட்டுக்குள்ள வெச்சறாதே. நம்மூர்ப் பனிக்குத் தலையில மப்ளர் கட்டத்தான் தெரியும், மண்கட்டி ஒடைக்கத் தெரியாது.

சுண்ணாம்பு சங்கதி அதை விடத் தமாசு. அவரூர்ல வருசம் முச்சூடும் மழை ஊத்தி, மண்ணுல இருக்கற சுண்ணாம்பைக் கரைச்சு அடியில கொண்டு போயிருது. மண்ணு புளிச்சுப் போகுது. அந்தப் புளிப்பை எடுக்கத்தான் அவரு தூவறாரு. நம்ம பக்கம் பல எடத்துல முழங்கால் ஆழம் தோண்டுனாவே சுக்கான்கல்லு. சுக்கான்கல்லுங்கறது என்ன? சுண்ணாம்புதான். இரு, காட்டறேன். அந்தத் திண்ணையோரம் கெடக்கற வெள்ளைக் கல்லை எடு. அம்மிச்சிகிட்ட அரை எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா. புழி. பாத்தியா, புசுபுசுன்னு நுரை கட்டுது. உன்ற பையில கொண்டாந்த மண்ணுலயும் ரெண்டு சொட்டு உடு. அதுவும் நுரைக்குதல்லோ? ஏற்கெனவே சுண்ணாம்பு தின்னு நாக்கு வெந்து போன மண்ணுக்கு இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு வெக்கப் போனயே, வெத்தலை பாக்கும் சேத்து வெச்சிருக்கலாமல்லோ! அடுப்புச் சாம்பலுக்கும் இதே கணக்குத்தான். எப்பவாச்சும் ஒரு கை போட்டாப் போச்சாது, கூடை கூடையாக் கொட்டாதே.

அந்தப் பையை இக்கட்ட கொண்டா. இதென்ன, ஜல்லி. இது டைல்ஸ் ஓடு. இது காய்ஞ்ச சிமென்ட்டு. ஏஞ்சாமி, மண்ணு கொண்டாந்தேன்னுட்டு வீட்டையே பேத்துக் கொண்டாந்திருக்கறயா? தப்பு உன்றதில்லை. கட்டறவிய போறப்ப எல்லாக் கழிசலையும் பொடக்காளியில தள்ளி, மேல ரெண்டு டிப்பர் கிராவல் அடிச்சு, மட்டம் பாத்து, சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிருவாங்க. அதுல கத்திரிக்கா வெக்கறதும் ரோட்டுல கத்திரிக்கா வெக்கறதும் ஒண்ணுதான். ஆகையினால மொத வேலை, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கல்லைப் பொறுக்கறது. அதுக்கு வீடியோ தேவையில்லை, இடுப்புத்தான் தேவை. மழை பேஞ்ச மறுநாளே கொத்தப் போயிராதே. ஒரு பிடி எடுத்து உருண்டை பிடிச்சு, பெருவெரல்ல தட்டு. உதிர்ந்துச்சுன்னாப் பதம். கொழுக்கட்டையாட்டம் நின்னுச்சுன்னா வீட்டுக்குள்ள போயி உன்ற ஆபீசு வேலையைப் பாரு.

கல்லு பொறுக்கி முடிச்சதும், ஒரு கண்ணாடி பாட்டல்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி ஊத்தி நல்லாக் குலுக்கி வெச்சுரு. ஒரு நிமிசத்துல அடியில நிக்கறது மணல். ரெண்டு மூணு மணி நேரத்துல அதுக்கு மேல படியறது வண்டல். மறுநாள் வரைக்கும் கலங்கலாவே நின்னு மெதுவா எறங்கறது களி. தண்ணிக்கு மேல கறுப்பாத் தூசு துரும்பு மெதக்கும் பாரு, அதுதான் மக்கு. உன்ற பாட்டல்ல அது மெதக்காது, வேணும்னாப் பந்தயம் கட்டு. நம்ம காட்டு மண்ணுக்கே மண்வள அட்டை குடுத்தப்பப் பாத்தேன். 2015-ல இருந்து குடுக்கறாங்கல்லோ, பன்னெண்டு சங்கதி போட்டிருக்கும். அதுல கரிமச்சத்துங்கற வரியை மட்டும் பாரு, அதுதான் இந்த மக்கோட கணக்கு. நூத்துக்கு அரைக்குக் கீழ இருந்தாக் கொறைவு, முக்காலைத் தாண்டுனா மேல். வித்தியாசம் வெறும் காலு. அந்தக் காலைத் தேடித்தான் கண்ணு இந்த ஓட்டமெல்லாம்.

காப்பி ஆறுது, குடி.

இப்பக் குப்பைக்கு வருவோம். உங்கூட்டுல கொத்தமல்லித் தண்டு, வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோலு, இதெல்லாம் எங்க போகுது? பச்சை டப்பாவுல போட்டுக் காலையில வண்டிக்காரர்கிட்ட குடுத்தர்றே. போகி அன்னைக்கு? வேம்புச் சருகு, புங்கஞ் சருகு, கிழிஞ்ச பாயி, உன்ற மவனோட பழைய ஷூ, எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டுக் கொளுத்தறே. நம்மூர்ல போகின்னா வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கூரையில சொருகிக் காப்புக் கட்டறதுதான். கொளுத்தற பழக்கம் எப்ப வந்துச்சோ. ஷூ வாங்குன காசுக்குப் பொகையாவது கெடைக்கட்டும்னு நெனைக்கறயோ என்னமோ. சருகைக் கொளுத்திப்போட்டு, மறுநாள் சருகு எருவை ஆன்லைன்ல வாங்கறவனுக்கு எந்த ஊர்ல பொண்ணு குடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். ஆமா, நாந்தான் முன்ன நின்னு பேசி முடிச்சேன். ஞாபகம் இருக்குது.

குழி எப்பிடிப் போடறதுன்னு கேக்கறயா? காய்ஞ்சது மூணு கூடை, பச்சையும் சாணியுமா ஒரு கூடை, மேல ஒரு பிடி மண்ணு. அப்பிடியே அடுக்கடுக்காப் போட்டு, புழிஞ்ச துணியாட்டம் ஈரம் வெச்சுக்கோ. தண்ணி சொட்டுனா நாறும், காய்ஞ்சா அப்பிடியே கெடக்கும். நாலாம் நாளு ஒரு கம்பியைச் சொருகி, கால்மணி நேரங் கழிச்சு உருவித் தொட்டுப் பாரு. தொட முடியாம சுட்டுச்சுன்னா உள்ள வேகுதுன்னு அர்த்தம். சூடு தணிஞ்சதும் பொரட்டிப் போடு, மறுபடி சுடும். மூணு மாசத்துல காப்பித்தூளாட்டம் ஆயிரும். இப்பப் போட்டீனாப் பங்குனிக்குக் கையில இருக்கும்.

இதுலயும் ஒரு வெள்ளைக்காரர் கதை இருக்குது. இவரு உன்ற பூட்சுக்காரராட்டம் இல்லை. ஆல்பர்ட் ஹோவர்டுன்னு பேரு. 1905-ல நம்ம தேசத்து ஆளுங்களுக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்கறதுக்குன்னு கப்பல் ஏறி வந்தாரு. வந்து பாத்தா இங்கத்த குடியானவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதை விட அவியகிட்டக் கத்துக்கறதே எச்சாத் தெரிஞ்சிருக்குது. மனுசன் கூச்சப்படாம அவங்களையும் பயிர்ல விழற பூச்சியையும் வாத்தியாரா வெச்சுக்கிட்டாரு. இந்தூர்ங்கற பட்டணத்துல 1924-ல இருந்து 1931 வரைக்கும் உக்காந்து, சருகு, சாணி, மூத்திரம் ஊறுன மண்ணு, சாம்பல்னு அடுக்கிப் பொரட்டற முறையை எழுதி வெச்சாரு. உலகம் முச்சூடும் அதை இந்தூர் முறைன்னு படிச்சுக்கிட்டு இருக்குது. நம்ம ஆளு செஞ்சதை அவரு எழுதி, அதைப் பூட்சுக்காரர் படிச்சு, அவரு பேசுனதை நீ போன்ல பாத்துப்போட்டு, இங்க வந்து என்னைக் கேக்கறே. சுத்தி வந்தாலும் ஊரு வந்து சேந்துட்டே.

நான் தப்பே பண்ணாத ஆளுன்னு நெனைச்சறாதே. 1977-ல மரம் அறுக்கற மில்லுல தூளு சும்மாக் குடுத்தாங்க. சும்மான்னாத்தான் நம்மளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதே. எட்டு வண்டி அடிச்சுத் தோட்டம் பூராவும் எறைச்சு உழுது போட்டேன். அந்த வருசத்து மொளகாயை நீ பாத்திருக்கோணும்! செடி செடியா மஞ்சக்காமாலை. ஒரு சாண் வளந்து நின்னுக்கிட்டு, எப்பய்யா சாகறதுன்னு கேக்கறாப்ல. காரணம் பின்னாடித்தான் தெரிஞ்சுது. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடி இருக்குதல்லோ, அதுங்களுக்கு மரத்தூளு வெறுஞ்சோறு மாதிரி. கொழம்புக்கு எங்க போகும்? பயிருக்கு இருந்த தழைச்சத்து முச்சூடையும் எடுத்து ஊத்திக்கிட்டுத் தின்னு தீத்துருச்சுங்க. தின்னு முடிச்சுச் செத்ததுக்குப் பொறவு திருப்பிக் குடுக்கும், ஆனாப் பயிரு அது வரைக்கும் நிக்கோணுமே. மறுவருசம் அதே காட்டுல வெள்ளாமை ஏறிக்கிச்சு. அம்மிச்சி மட்டும் இன்னும் ஏறிக்கலை. இன்னைக்கும் எனக்குக் கோவம் வந்துச்சுன்னா, ‘எட்டு வண்டித் தூளு’ம்பா. அத்தோட நான் அடங்கிருவேன்.

அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சிரிக்கறா பாரு.

பச்சைச் சாணியும் அப்பிடித்தான். கட்டுத்தறியில இருந்து சுடச்சுட அள்ளிச் செடிக்கு வெக்கறது பாசமில்லை, பகை. வேரு வெந்து போகும், களை வெதை ஒட்டுக்கா முளைக்கும், வெள்ளையாக் கட்டைவெரல் மொத்தத்துல புழு சுருண்டு கெடக்கும். மக்குன தொழு எருன்னா ஏக்கருக்குப் பத்து டன்னுன்னு கணக்கு. அப்பச் சென்ட்டுக்கு 100 கிலோ, உன்ற ஒன்றரை சென்ட்டுக்கு 150. ஒரு கூடைக்குப் பதினஞ்சு கிலோன்னு வெச்சாப் பத்துக் கூடை. இந்தப் பத்தை மனசுல வெச்சுக்கோ, பின்னாடி பேசலாம்.

ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்னு ஒரு பேச்சு உண்டு. ஆட்டுப் புழுக்கை வெரசாக் கரைஞ்சு பயிருக்குப் போயிரும், மாட்டுச் சாணி நிதானம். எங்கப்பாரு காலத்துல அறுப்பு முடிஞ்ச காட்டுல பட்டி போடுவாங்க. பொழுது எறங்கையில நூறு நூத்தம்பது செம்மறி வரும், மூங்கில் படலைச் சுத்தி நட்டு உள்ள அடைச்சுருவாங்க. பட்டிக்காரர் ஒரு கயித்துக் கட்டலைப் படலோரம் போட்டு, கம்பளியைப் போத்திப் படுத்துக்குவாரு. விடிஞ்சு ஆடு எந்திரிச்சுப் போனா அந்த எடம் மட்டும் ஈரமா, கறுப்பா, ஒரு நெடியோட நிக்கும். புழுக்கையை மட்டும் சொல்லலை, ராத்திரி முச்சூடும் பேஞ்ச மூத்திரம் மண்ணுக்குள்ளயே எறங்கியிருக்கும். அதை எந்த மூட்டையிலயும் கட்டி விக்க முடியாது. மறுநாள் படலைப் பிடுங்கி ஒரு பட்டி தள்ளி நடுவாங்க. பத்து நாள்ல காடு பூராவும் சுத்தி வந்துரும். பட்டிக்காரருக்குத் தவசமும், ராத்திரிக்குச் சோறும். நான் அந்தக் கட்டல்ல அவரு கூடப் படுத்துக் கதை கேட்டிருக்கறேன். உன்ற லேஅவுட்டுல ஒரு ராத்திரி பட்டி போட்டுப் பாரேன்! விடியறதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்புல உன்னைத் தள்ளி வெச்சிருவாங்க. உனக்குப் புழுக்கை ரெண்டு சாக்கு தர்றேன், அதைத் தூளாக்கிக் குழியில போட்டுக்கோ.

எருப் போட்டாப் போதுமா? போதாது. ஆனா அடுத்த வேலைக்கு உன்ற இடுப்புத் தேவையில்லை. வெதையே பாத்துக்கும். ஐப்பசி கார்த்திகை மழை ஈரம் மண்ணுக்குள்ள இன்னும் நிக்குது. அதைச் சும்மா வெயிலுக்குக் குடுக்காதே. கல்லு பொறுக்குன கையோட சணப்பு வெதை கால் கிலோ, தட்டப்பயிறு ஒரு பிடி, கொள்ளு ஒரு பிடி எறைச்சு உடு. கொள்ளு பனியிலயே வளரற சாதி. உன்ற மவன் எனக்குக் கொள்ளுப்பேரன் தானே? அவன் கையால கொள்ளு வெதைக்கச் சொல்லு, பொருத்தமா இருக்கும். சணப்புக்கு மாத்திரம் முளைச்சு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தண்ணி காட்டோணும். நாப்பத்தஞ்சு நாள்ல இடுப்பு ஒசரம் வந்து மஞ்சளாப் பூக்க ஆரம்பிக்கும். அப்ப உன்ற பொண்டாட்டி ‘எவ்வளவு அழகா இருக்குது, இருக்கட்டுங்க’ம்பா. இருக்க உடாதே. பூ முத்துனாத் தண்டு நாராப் போயிரும், மக்கறதுக்கு மாசக்கணக்காகும். போட்டா எடுத்துக்கட்டும், எடுத்த கையோட வெட்டி அங்கயே மண்ணுக்குள்ள மடக்கு.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு செடியை மட்டும் மண்ணோட தோண்டி எடு. இழுக்காதே, அறுந்து போகும். வேரைத் தண்ணியில அலசிப் பாத்தீனாக் கடுகாட்டம், மொளகாட்டம் முடிச்சு முடிச்சா இருக்கும். ஒண்ணை நகத்துல கீறு. உள்ள ரத்தம் கலந்த பாலாட்டம் செவப்பா இருந்துச்சுன்னா, காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். வெளுத்தோ பச்சையாவோ கெடந்தாச் சோம்பேறி முடிச்சு, சம்பளம் மட்டும் வாங்குது. உன்ற ஆபீசுல இப்பிடி நகத்துல கீறிப் பாக்கற வழக்கம் இல்லாதது உன்ற அதிருஷ்டம். வெதைச்சு மடக்கற இதே வேலையை இன்னும் பெருசாச் செய்யுங்கன்னுதான் இயற்கை வெவசாயி நம்மாழ்வார் ஐயா ஊரூராப் போயிச் சொன்னாரு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, தழை, மணப்பயிருன்னு வகைக்கு நாலா இருவது வெதையைக் கலந்து எறைச்சு, வளந்ததும் மடக்கி உழுங்கன்னு. அவரு போனதும் ஒரு மார்கழிலதான், 2013 டிசம்பர் 30. வேணும்னா நீயும் இருவது போடு. ஒன்றரை சென்ட்டுக்கு மூணே போதும்னு நான் சொல்லுவேன். அவரு இருந்தா என்னைத் திட்டியிருப்பாரு.

தை கடைசில மடக்குனீனா, மாசி கடைசிக்குள்ள மக்கிரும். மடக்கற அன்னைக்கே நாத்தங்கால்ல வெதை உட்டிருந்தீனா, அதுக்குள்ள நாத்து இருவத்தஞ்சு முப்பது நாளு ஆயிருக்கும். அப்பப் பத்துக் கூடை எருவைப் பரப்பிப் பாத்தி கட்டு. பங்குனியில நடு. நடுவுல என்ன அவசரம்? இதே கோயமுத்தூர்ல, லாலி ரோட்டு வேளாண்மைக் கல்லூரியில, 1909-ல ஒரு சோதனை வயலை ஆரம்பிச்சாங்க. ஒரு பாத்திக்கு ஒண்ணுமே இல்லை, இன்னொண்ணுக்குத் தொழு எரு, இன்னொண்ணுக்கு உப்பு உரம்னு வருசா வருசம் மாத்தாமப் போட்டு, மண்ணு என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. எங்கொப்பனுக்கே அது மூத்தது. தொழு எரு விழுந்த பாத்தியில கரிமச்சத்து ஏறுனதை நூறு வருசத்துக் கணக்கோட எழுதி வெச்சிருக்கறாங்க. நீ மார்கழியில கேள்வி கேட்டுப்போட்டு வைகாசியில கத்திரிக்காய் கேக்கறே.

மூடாக்கு மட்டும் மறந்துறாதே. நட்டு முடிச்சதும் வெறுந்தரை தெரியக்கூடாது. கரும்புச் சோகை, தென்னை ஓலை, மாசி பங்குனியில உங்க ரோட்டுல உதிர்ற வேம்பு, புங்கஞ் சருகு, எதுனாலும் நாலு வெரல் மொத்தத்துக்குப் பரப்பு. தூருல முட்டாம கொஞ்சம் தள்ளி. பொள்ளாச்சிப் பக்கம் சும்மாக் கெடைக்குதேன்னு பச்சை நார்க்கழிவை அள்ளிட்டு வந்தறாதே. அது மக்காதது, உப்பும் துவர்ப்பும் எச்சு. சும்மாக் கெடைக்கறதைப் பத்தி என்னை விட அனுபவம் உள்ளவன் இந்தத் தாலூக்காவுல கெடையாது. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்புன பஞ்சகவ்யம் தெளிக்கறதுன்னாப் பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. வாசம் பக்கத்து வீட்டுக்கும் சேத்து வரும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

மூடாக்குப் போட்டாப் புழு தானா வரும். காசு குடுத்து டப்பாவுல வாங்கிப் பாத்தியில கொட்டாதே. அதுங்க குப்பைத் தொட்டியில மேலாக மேயற சாதி, உன்ற கிராவல்ல உட்டா ரெண்டு நாள்ல போய்ச் சேந்துரும். இந்தப் புழுவைப் பத்தி உன்ற மவன் போன லீவுல வந்தப்ப ஒரு புஸ்தகத்துல இருந்து படிச்சுக் காட்டுனான். டார்வின்னு ஒருத்தரு, கொரங்கு கதை சொன்னவரு, கடைசிக் காலத்துல மண்புழுவைப் பத்தி 1881-ல ஒரு புஸ்தகம் போட்டாராம். புழுவுக்குக் காது கேக்குதான்னு பாக்கறதுக்கு ஊதலை ஊதி, கத்தி, பியானோ வாசிச்சு எல்லாம் பாத்திருக்கறாரு. அது கண்டுக்கவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலயே வெச்சுக் கட்டையைத் தட்டுனதும் வளைக்குள்ள ஓடிருச்சாம். காதுல விழறது உறைக்காது, அடியில அதிரோணும். உன்ற அம்மாளும் சின்னதுல அப்பிடித்தான். நீயும் அதே ரகம். அதனால நீ போன்ல கேக்காம நேர்ல வந்தது நல்லதாப் போச்சு.

சரி, பொழுது ஏறுது. அந்த அங்கராக்கைக் கழட்டி ஆணியில மாட்டு. பத்துக் கூடைன்னு சொன்னனல்லோ, உன்ற மண்ணுக்கு வேண்டிய எரு கொட்டாய்க்குப் பின்னால நம்ம குழியில தயாரா இருக்குது. தங்கம்! மோந்து பாத்தா மொத மழை வாசம் வரும். அது குழிக்கு அடியில இருக்குது. மேல ஒரு முப்பத்தஞ்சு நாப்பது கூடை இன்னும் வேகாததா நிக்குது, அதை அள்ளிப் பக்கத்துக் குழிக்கு மாத்துனாத்தான் அடி வரும். மாத்தறதே பொரட்டுனாப்லயும் ஆச்சு, சாஸ்திரப்படி செஞ்சாப்லயும் ஆச்சு. எனக்கென்ன, மூணு மாசமா ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கறேன். மம்மட்டி சுவத்தோரம் நிக்குது, கூடை கட்டுத்தறியில கவுந்து கெடக்கும். நான் இந்தக் கட்டல்ல உக்காந்து எண்ணிக்கறேன்.

பக்கத்துக் குழியை ஆரு இவ்வளவு சுத்தமா வெட்டுனாங்கன்னா கேக்கறே? போன ஞாயித்துக்கெழமை உன்ற மாமன் மவன் வந்திருந்தான். அவனும் ஈரோட்டுல வீடு கட்டியிருக்கறான். மாடியில தோட்டம் போடோணும், மண்ணு எங்கீங்க வாங்கறதுன்னு கேட்டான்.